சுவருக்கு முன்னால் நின்ற மூன்று கதவுகள்

அக்கா பிறந்தது ஒரே ஒரு கதவு உள்ள வீட்டில். கரடியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில், துரைமார் காலத்தில், வேலையாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளின் நடுவில் இருந்தது எங்களுடையது. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்தால் வழியில் போகிறவர்களுக்கு வீடு முழுவதும் தெரியும். சாத்தினால் வீடு முழுவதும் இருட்டு. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த அக்கா, இந்தச் சேர்வராயன் மலையில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கதவு எங்கே வர வேண்டும் என்று நின்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் அந்தப் பெருமையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அழுவதற்கு அல்ல.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். அக்காவின் நினைவு மலருக்குக் கட்டுரை நீதான் எழுத வேண்டும் என்று வீட்டார் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. யாரை விட்டுவிடுவேனோ, யார் மனம் நோகுமோ, அச்சில் ஏறிய பிறகு திருத்த முடியாதே என்று ஒரே கவலை. அக்கா இருந்திருந்தால், "நீ கவலப்பட்டே ஒரு மலைய எறக்கிருவ. எழுது புள்ள, பாத்துக்கலாம்" என்றிருப்பார். ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

அப்பா கீழே ஓமலூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அம்மா லைனிலேயே பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளில் மூத்தவர் அண்ணன், அடுத்து அக்கா, கடைசி நான். அக்கா சிறு வயதிலேயே அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போனார். மார்கழிப் பனியில் விரல்கள் மரத்துப்போகும்; வாயில் வைத்து ஊதிக்கொண்டே பறிப்பார். நடுவில் அம்மை கண்டு படுத்தார். பிழைக்க மாட்டார் என்று லைனே பேசியது. எழுந்து வந்து, முன்னைவிட வாயாடியாகிவிட்டார். பிறகு துரையின் பங்களாவில் பெருக்கித் துடைக்கும் உள்வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள்.

பங்களாவில் அக்கா துடைத்ததில் பெரும் பகுதி கதவுகள்தான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு, சில அறைக்கு இரண்டு. சாயங்காலம் வந்து அம்மாவிடம் சொல்வார்: "அங்க தொரசானி தலை சீவறதுக்கு ஒரு கதவு, தொரை சுருட்டுக் குடிக்க ஒரு கதவும்மா."

"நமக்கெதுக்குடி அதெல்லாம்? நம்மகிட்ட மறைக்க என்ன இருக்குது?" என்பார் அம்மா.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது அதற்குப் பதில் கிடைத்தது.

இனிமேல் எழுதப்போவதை அண்ணியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். "நடந்ததுதான அம்மிணி? நல்லா எழுது" என்று சொல்லிவிட்டார்.

அண்ணி வெள்ளக்கடை என்ற ஊர்ப் பெண். தோட்டம் துரவோடு, உள்ளறையும் கதவுமாக இருந்த வீட்டிலிருந்து எங்கள் லைனுக்கு வந்தார். அறையின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டோம். சாக்குக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும். இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். திரும்பிப் படுத்தாலும் கேட்கும். அண்ணி தன் கண்ணாடி வளையல்களின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். அதை நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தார்.

ஆடி பிறந்தது. வழக்கப்படி அண்ணியைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணி வந்தது, அனுப்பவில்லை. புரட்டாசியும் போயிற்று. அண்ணன் போய்ப் போய்த் தனியாகவே திரும்பி வந்தார். கடைசியில் அவருடைய மாமனார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்:

"எம்புள்ளைய சாக்குப் படுதாவுக்குப் பின்னால குடித்தனம் பண்றதுக்கா கட்டிக் குடுத்தேன்? அவளுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு. தை பொறக்கறதுக்குள்ள வழியப் பாருங்க. இல்லீன்னா ஊர்க்கூட்டம் வெச்சுத் தீத்துக்கலாமுங்க."

தீர்த்துக்கொள்வது என்றால் கல்யாணத்தையே முறித்துவிடுவது. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. நான் வழக்கம்போல எல்லாக் கெட்டதையும் நினைத்து முடித்துவிட்டேன். அண்ணன் ஊரை விட்டு ஓடிவிடுவார், அம்மா படுத்துவிடுவார், எங்கள் இருவரையும் யாரும் கட்ட மாட்டார்கள் என்று.

வீடு கட்ட இடம் இல்லாமல் இல்லை. பரம்பரையாக இந்த மலையிலேயே வெள்ளாமை செய்துவந்த ஒருவர் அப்பாவுக்கு நண்பர். நாங்கள் மலைக்கார மாமா என்று கூப்பிடுவோம். அப்பாவும் அண்ணனும் அவருடைய சரிவு நிலத்துக்குக் கல்லடுக்கி வரப்புக் கட்டிக் கொடுத்ததற்காக, தன் ராகிக் காட்டின் ஓரத்தில் ஒரு துண்டு கொடுத்திருந்தார். கல்லும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. ஆனால் அப்பா கட்ட நினைத்தது நீளமான ஒரே அறை, அதற்கு ஒரே கதவு. லைன் வீட்டையே கொஞ்சம் பெரிதாக.

"உள்ளாற ரெண்டு மூணு கதவு வெச்சு அறையாத் தடுத்துக்கலாமுங்கப்பா" என்றார் அக்கா.

"உள்கதவா? அது குடும்பத்த வெட்டற கத்தி. எங்கண்ணன் ஊட்டுக்குள்ள ஒரு கதவு வெச்சான். அடுத்த மாசம் அந்தப் பக்கமாத் தனி வாசல் வெச்சான், தனி அடுப்புப் பத்த வெச்சான். அதுக்குப் பொறவுதான் நான் மலையேறுனேன். இன்னொருக்கா அதப் பாக்க நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"அப்ப அண்ணி வராதுங்கப்பா."

"வராட்டிப் போகட்டும்" என்றார். ஆனால் அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை.

அப்பாவைக் குறைவாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கூடப் பிறந்தவரைப் பிரிந்த புண் அது. அதைத் தொட்டு யாரும் அவரோடு வாதாட முடியாது. அக்காவும் வாதாடவில்லை. வேறு வேலை பார்த்தார்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் துரை தன் பங்களாவைத் திருத்தினார். விருந்தாளிகள் ஜோடி போட்டு ஆடுவதற்கு ஒரே பெரிய கூடம் வேண்டும் என்று உள்சுவர்களை இடித்தார்கள். கதவுகள் நிலையோடு பெயர்ந்து பின்கட்டில் கிடந்தன. கிறிஸ்துமஸ் அன்று வேலைக்காரர்களுக்கெல்லாம் துரைசானி சேலையும் வேட்டியும் கொடுப்பது வழக்கம். அக்காவின் முறை வந்தது.

"எனக்குச் சேலை வேண்டாமுங்க. அந்தக் கதவுல ஒரு மூணு குடுங்க."

பட்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்புள்ள, பொங்கலுக்குக் கதவச் சுத்திக்கிட்டா கோயிலுக்குப் போவ?" என்றார். துரைசானி என்னவென்று கேட்டார். பட்லர் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார்.

அக்கா கதவு பொறுக்கியது போலச் சந்தையில் மாடு பிடிக்கப் போனவர்கள்கூடப் பொறுக்க மாட்டார்கள். தட்டினார், கீலை ஆட்டினார், தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தார். எல்லாவற்றிலும் பெரியதாக, பூவேலை செய்த ஒரு கதவு இருந்தது. அண்ணன் அதன் மேலே கையை வைத்தார். "அத உடு. ஐப்பசி மழையில உப்பிக்கும். தொரையே தோள் குடுத்துத்தான் தள்ளுவாரு" என்றார் அக்கா. வருடக்கணக்காகத் துடைத்தவர் அல்லவா. கடைசியில் அவர் எடுத்தது கெட்டிப் பலகைக் கதவு ஒன்று, மேல்பாதி கண்ணாடி போட்டது ஒன்று, குறுகலான ஒற்றைக் கதவு ஒன்று.

அண்ணனும் எஸ்டேட் ஆசாரியும் நாங்களும் சேர்ந்து அவற்றைச் சுமந்து கொண்டுபோய்க் காட்டில் வைத்தோம். வழி நெடுகக் கேலி.

"செவுரு எங்க புள்ள? அதையும் தொரசானி குடுக்கறாங்களா?"

"ஊட்டுக்குக் கதவு வெப்பாங்க. கதவுக்கு ஊடு கட்டறவள இப்பத்தான் பாக்கறேன்."

அக்கா விடவில்லை. "சட்டிய வெச்சுப் பாத்துத்தான அடுப்புக்கல்லக் கூட்டற? அளவு தெரியாம நீ எப்பிடிக் கூட்டுவ?"

எனக்கோ, கதவைக் கறையான் அரிக்குமோ, யாராவது விறகுக்குத் தூக்கிப் போவார்களோ, துரை மனம் மாறித் திரும்பக் கேட்பாரோ என்று பயம். அப்பாவோ, அந்தக் காட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

மார்கழி ஓடிக்கொண்டிருந்தது. தைக்குள் சுவர் எழும்பாது என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா கதவுகளை மட்டும் நிறுத்திவிடலாம் என்றார். ஆசாரி தலையைச் சொறிந்தார். "செவுரில்லாம நிலை நிக்காதுங்க அம்மிணி." பிறகு சில்வர் ஓக் மரக் கழிகளை முட்டுக்கொடுத்து அவரே நிற்கவும் வைத்தார்.

அது எளிதாக நடக்கவில்லை. வெறுந்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் மூன்று கல்லை அடுப்பாக வைத்து, அதன் முன்னால் அம்மாவை உட்கார வைத்தார் அக்கா. ஒவ்வொரு கதவையும் திறந்து திறந்து பார்த்தார். பலகைக் கதவு அம்மாவின் முதுகில் இடித்தது.

"என்னைய இடிக்கறதுக்கா இவ்வளவு தூரம் சொமந்துட்டு வந்த?" என்றார் அம்மா.

அக்கா உடனே நிலையைப் பெயர்த்து, கதவு அறைக்குள்ளே திறக்கும்படி மாற்றி வைக்கச் சொன்னார். பள்ளத்திலிருந்து பனி ஏறி வாசல் வழியாக நேரே படுக்கைக்குப் போகும் என்று, வாசலுக்கு நேராக எதையும் வைக்கவில்லை. ஒரு அறைக்காரர் திறந்தால் இன்னொரு அறைக்குள் பார்வை போகும் என்று, கதவுக்கு எதிரே கதவு வைக்கவில்லை. மூன்றும் அடுப்பைப் பார்த்தே நின்றன.

எந்தக் கதவு யாருக்கு என்பதில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தது.

"கண்ணாடிக் கதவு எனக்கு. மாமனார் பாத்தா அசந்து போயிருவாரு."

"அசந்துதான் போவாரு. உள்ள இருக்கறவங்க எல்லாம் வெளிய தெரிஞ்சா அசராம என்ன பண்ணுவாரு?"

ஆசாரி சிரித்த சிரிப்பில் உளி கையிலிருந்து விழுந்தது. பலகைக் கதவு அண்ணன் அண்ணிக்கு, குறுகல் கதவு அக்காவுக்கும் எனக்கும். கண்ணாடிக் கதவு அப்பா அம்மாவுக்கு என்றார் அக்கா. ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணியின் தகப்பனார் வந்துவிட்டார். கூட அவர் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். பெரியவர்களோடு வந்தால் எதற்கு என்று தெரியாதா? லைனில் விசாரித்து நேரே காட்டுக்கே ஏறி வந்தார். சம்பந்தி வந்துவிட்டதால் அப்பாவும் வேறு வழியின்றி வந்து நின்றார். மலைக்கார மாமாவும் ராகிக் காட்டிலிருந்து வந்தார்.

சரிவில் மூன்று கதவுகள் தனித்தனியாக நின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை. அண்ணியின் தகப்பனார் சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க சம்மந்தி, ஊடு எங்கீங்க?"

அக்கா முன்னால் போனார்.

"இங்கதானுங்க மாமா இருக்குது. வாங்க, வாசல் இந்தப் பக்கம். நிலை தட்டும், குனிஞ்சு வாங்க."

வாசலுக்கு இரண்டு கல்தான் நட்டிருந்தோம். தலைக்கு மேலே வானம். ஆனாலும் அவர் குனிந்தார். கூட வந்த பெரியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, அவரும் குனிந்தே வந்தார்.

"இது உங்க புள்ளையோட அறைங்க. உள்ள போயிக் கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுப் பாருங்க. பலகை கெட்டியா இருக்குதா, சந்து தெரியுதான்னு நீங்களே சொல்லோணும்."

அவர் பலகைக் கதவைத் திறந்து உள்ளே போனார். சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம் நின்றோம். ஒரு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், அவர் நிற்பது தெரியும். யாரும் நகரவில்லை. அவரும் வெளியே வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கோபமாக இருக்கிறாரா, அழுகிறாரா, எதுவும் தெரியவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். வீட்டுக்குப் பெரியவர் அவர். கூப்பிட வேண்டியவர் அவர்தான்.

அப்பா நடந்தார். கதவைச் சுற்றிக்கொண்டு போய், இதென்ன கூத்து என்று சத்தம் போடப் போகிறார், அண்ணன் வாழ்க்கை இத்தோடு முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அப்பா கதவுக்கு நேரே நின்றிருந்தார். தோளில் இருந்த துண்டைச் சரி செய்தார். தொண்டையைச் செருமினார். விரலை மடக்கிக் கதவைத் தட்டினார்.

"சம்மந்தி, வரலாங்களா?"

லைனில் யாரும் கதவைத் தட்டியதில்லை. கூப்பிட்டுக்கொண்டே நுழைவதுதான் வழக்கம். அப்பா ஒரு கதவைத் தட்டி அனுமதி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் சுவரே இல்லாத கதவை.

தாழ்ப்பாள் விலகியது. அண்ணியின் தகப்பனார் நிலையில் நின்றார். முகம் மாறியிருந்தது.

"மாமா, அங்க நின்னு பாத்தா என்னங்க தெரியுது?" என்றார் அக்கா.

"சம்மந்தியம்மாவோட அடுப்புத் தெரியுது."

அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினார். "எந்தக் கதவத் தெறந்தாலும் அந்த ஒரு அடுப்புத்தானுங்கப்பா தெரியும். ஒரு அறைக்கும் தனி வாசல் கெடையாது. உங்களையும் பெரியப்பாவையும் பிரிச்சது தனி வாசலும் தனி அடுப்புமுங்க. கதவு என்ன பாவம் பண்ணுச்சு? கண்ணாடிக் கதவு உங்க அறைக்குங்க. படுத்துக்கிட்டே அடுப்பப் பாக்கலாம், ஆரு வந்தாங்க, ஆரு சாப்புட்டாங்கன்னு."

அப்பா கண்ணாடிக் கதவின் அருகில் போனார். உள்ளே நுழைந்து, சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக அடுப்பைப் பார்த்தார். அம்மா வெறும் கல்லின் முன்னால் உட்கார்ந்தபடி, "என்ன பாக்கறீங்க? இன்னும் ஒலையே வெக்கல" என்றார். அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அண்ணியின் தகப்பனார் பெரியவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. கதவ இவங்க வெச்சுட்டாங்க. செவுத்த நான் எடுக்கறேன்."

சொன்னபடி செய்தார். பொங்கல் கழிந்த மறுநாளே வெள்ளக்கடையிலிருந்து ஆட்களோடு வந்தார். மலைக்கார மாமா மண்ணும் கூரைக்குப் புல்லும் தந்தார். கேலி பேசிய லைன்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மண் மிதித்தார்கள். அண்ணியும் மண்கூடை சுமந்தார். சுவர் வளர வளரக் கதவுகள் அதற்குள் பொருந்திக்கொண்டன. ஒரு நிலையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. குடிபோன அன்று அண்ணி கை நிறையப் புது வளையல் போட்டிருந்தார். நடக்கும்போது வீடு முழுவதும் கேட்டது.

அப்பா வந்தவர்களையெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "எம்புள்ள வெச்சது" என்பார். அவருக்குத் தட்டுகிற பழக்கமும் பிடித்துக்கொண்டது. கோழிக்கூட்டைத் திறக்கும் முன்னும் தட்டுகிறார் என்று அண்ணன் கேலி செய்வார்.

அதன் பிறகு மலையில் யார் சொந்தமாக வீடு கட்டினாலும் அக்காவைக் கூப்பிட்டார்கள். மாரமங்கலத்துக்குப் போயிருக்கிறார், வெள்ளக்கடைக்குப் போயிருக்கிறார். போனதும், "ஊட்ல எத்தன பேரு? ஆரு இருமறவங்க? ஆரு விடிய முன்னாடி எந்திரிக்கறவங்க?" என்று கேட்பார். பிறகுதான் கதவைப் பற்றிப் பேசுவார். அவருக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டைத் தானும் வந்து பார்ப்பேன் என்று நின்றார். "பொண்ணு வந்து ஊடு பாக்கறதா?" என்று எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். போய்ப் பார்த்து, ஒரு கதவை இடம் மாற்றச் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். எஸ்டேட் லாரி ஓட்டிய அந்த மாப்பிள்ளை, எங்கள் மாமா, அதைத் தன் கையாலேயே மாற்றி வைத்தார்.

மாமா காய்ச்சலில் சீக்கிரமே போய்விட்டார். அக்கா இரண்டு பிள்ளைகளையும் காப்பிக் களத்தில் உழைத்தே படிக்க வைத்தார். நான் விட்ட படிப்பையெல்லாம் சேர்த்து அவர்கள் படித்தார்கள். ஒருவர் முன்னாலும் அக்கா தலை குனிந்ததில்லை. கடைசி ஆண்டு மூச்சிரைப்பு வந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில் இருக்கட்டும் என்று அண்ணன் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அங்கேயே, மக்கள் மருமக்கள் சூழ, வலி இல்லாமல் போனார். நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை.

இந்தத் துன்பத்தில் துணை நின்றவர்களைக் கைகூப்பி வணங்குகிறோம். வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், ஆக்சிஜன் உருளையைச் சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்த கண்டக்டர் தம்பிக்கும், அக்கா போன அன்றைக்கு எங்களை அடுப்பு மூட்ட விடாமல் எல்லோருக்கும் சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், மாரமங்கலத்து உறவுகளுக்கும், மலைக்கார மாமாவின் மக்களுக்கும், ஆசாரி வீட்டாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் என் வயதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, ராப்பகலாக மடியில் சாய்த்து வைத்திருந்தவர் அண்ணி. அவருக்கும் நன்றி என்று எழுதி, படித்துக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது.

"ஊட்டு ஆளுக்கு எங்காச்சும் நன்றி போடுவாங்களா அம்மிணி? அடிச்சுடு அத."

அடித்துவிட்டேன். இந்த மலரை உங்களுக்குத் தருகிற வீட்டார் வரிசையில் முதல் பெயர் அவருடையது.